தாய்மாமன் அண்டாவும் எங்கூட்டு வைஃபையும்

தொண்டாமுத்தூர்,
வெள்ளிக்கிழமை

என்ற தம்பி திருமலைசாமிக்கு, அக்கா கோமளா ஆசீர்வாதம் பண்ணி எழுதிக்கறது. இவடத்துல நானும் உங்க மச்சானும் புள்ள வர்ஷினியும் ரெண்டு எருமையும் வைஃபையும் நல்ல சொகம். அவடத்துல நீயும் உன்ற சம்சாரமும் சொகமான்னு தெரியோணும். உங்கூட்டு வைஃபையோட சொகத்தை நான் கேக்கல. அதை நீயே ஊரெல்லாம் சொல்லிக்கறே. போன்ல சொல்லாம எதுக்குக் காயிதம்னு சிரிக்காதே. போன்ல நீ குறுக்க பேசுவே. காயிதத்துல முடியாதல்லோ?

போன மாசம் கல்யாணப் பந்தியில எல்லாரும் கேக்க என்ன சொன்னே? "புள்ளைக்குக் கம்ப்யூட்டர்ல இன்டர்வியூன்னா எங்கூட்டுக்கு அனுப்பீரு அக்கா, உங்கூட்டு வைஃபை தூறல் போட்டாலே படுத்துக்கும்"னே. ரசம் ஊத்துனவனே சிரிச்சுப்போட்டான். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், என்ற புள்ள என்ற ஊட்டுல, அவ ரூம்புல உக்காந்துதான் வேலை வாங்கோணும்னு. உங்க மச்சானைக் கிளப்பிக்கிட்டு காந்திபுரம் போயி, கடையில இருக்கறதுலயே பெரிசா, நாலு கொம்பு வெச்ச ரௌட்டரா கேட்டேன். "ரெண்டு கொம்பே போதுமுங்க"ன்னாரு கடைக்காரரு. "எங்கூட்டு எருமைக்கே ரெண்டு இருக்குதுங்க, நாலா குடுங்க"ன்னு வாங்கியாந்துட்டேன்.

வெலை கூடுன சாமானல்லோ, வாரவிய போறவிய கண்ணு பட்டுருமுன்னு லைன்காரரை வயரு இழுக்கச் சொல்லி பாத்திரம் அடுக்கற அட்டாலிப் பரண் மேல ஏத்துனேன். வர்ஷினி கல்யாணத்துக்குன்னு நான் சேத்து வெச்ச எவர்சில்வர் போசி, குண்டா, தவலை அத்தனையும் சுத்தி நிக்குது. எல்லாத்துக்கும் முன்னால, நீ தாய்மாமன் சீரா கொண்டாந்த பித்தளை அண்டா. பாக்க ராசா தர்பாராட்டம் இருந்துச்சு, ஆனா வைஃபை மட்டும் வரல. ஏணியில ஏறி நின்னா படம் ஓடுது, ரூம்புக்கு வந்தா வட்டம் சுத்துது. "மாமா ஊட்டுக்கே போறேம்மா"ன்னு வர்ஷினி பைய எடுத்துட்டா. எனக்குச் சோறு எறங்கல.

அந்நேரம் பார்த்து மாரியம்மன் கோயல் பூச்சாட்டு, அன்னதானத்துக்கு அண்டா வேணும்னு வந்தாங்க. எறக்கிக் குடுத்தேன். அது வாசல் தாண்டறதுக்குள்ள ரூம்புல இருந்து புள்ள கத்தறா, "அம்மா, புல்லா வருது!" உங்க மச்சான், ஆத்தா கண்ணைத் தொறந்துட்டான்னு துண்ணூறு எடுத்துக்கிட்டு ஏணி ஏறிட்டாரு. "ஏனுங்க, கொம்புல பூசிப்போடாதீங்க"ன்னேன். பொழுதோட அண்டா திரும்பி வந்துச்சு, மேல ஏத்துனோம், வைஃபை செத்துப்போச்சு. "ஆத்தாளுக்கு என்ன கொறை வெச்சோம்"னு அவரு முழிக்கறாரு. நான் மூணாவது வரைக்கும் படிச்சவ. அண்டாவ எறக்குனேன், வந்துச்சு. ஏத்துனேன், போச்சு. மறுக்கா எறக்குனேன். ஆத்தாளும் இல்ல பூதமும் இல்ல தம்பி, குறுக்க நின்னது நீ வெச்ச அண்டா! வாங்கிக் குடுத்தவனாட்டமே அதுவும்.

போசியெல்லாம் கட்டலுக்கடியில தள்ளிப்போட்டு, ரௌட்டரை எல்லாரும் வந்து உக்கார்ற நடு ஆசாரத்துல ஒசக்க ஆணி அடிச்சு மாட்டுனேன். கண்ணு பட்டாப் படட்டும். இன்டர்வியூ அன்னைக்கு நல்ல மழை வேற. புனேயில இருந்து ஒரு ஆபீசரு கேக்கக் கேக்க, புள்ள கதவச் சாத்திக்கிட்டு மளமளன்னு இங்கிலீஷ்ல சொல்லுது. நான் கதவோரம் நின்னு கேட்டேன். ஒரு வார்த்தை புரியல. ஆனா ஒரு வார்த்தைகோட அறுந்து போகல. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு போ. நேத்து மெயில் வந்துச்சு, வேலை கெடைச்சுப்போச்சு! அடுத்த கல்யாணப் பந்தியில இதையும் நீயே சத்தமாச் சொல்லோணும். ரசம் ஊத்தறவன் பக்கத்துல வந்தப்பறம் சொல்லு.

உன்ற சம்சாரத்தைக் கேட்டதாச் சொல்லு. உன்ற லேத்துப் பட்டறை நிக்காம ஓடட்டும், உங்கூட்டு வைஃபை எங்கூட்டுதுல பாதியாவது வரட்டும்.

இப்படிக்கு,
நாலு கொம்பு ரௌட்டருக்காரி,
அக்கா கோமளா

பி.கு.: கவரு ஒட்டற நேரத்துல வர்ஷினி மெயிலை முழுசாப் படிச்சுச் சொல்றா. ஊட்டுல இருந்து வேலை செய்யக் கூடாதாம், தெனமும் ஆபீசுக்கு வரோணுமாம். ஆபீசு பெரியநாயக்கன்பாளையத்துல, உங்கூட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. திங்கக்கெழமை புள்ளைய உங்கூட்டுக்கே அனுப்பறேன் சாமி, பார்த்துக்கோ. கூடவே அண்டாவும் வருது. உன்ற ரௌட்டர் எவடத்துல இருக்குதுன்னு மட்டும் சொல்லு, அண்டாவுக்கு நானே வந்து எடம் பார்த்து வெச்சுக் குடுக்கறேன்.