குட்டிப் பட்டினி

'இதோ வந்துவிடப் போகிறவன்' என்றொரு பிராணி உண்டு. எங்கள் பிராங்க்ஸ் பேட்டையில் தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். ராப் பாடுவான். "அடுத்த கோடையில பாருண்ணே, ஊரே எம் பேரச் சொல்லும்" என்பான். எந்தக் கோடை? அதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இவனை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. துணி துவைக்கும் கடையில், உங்கள் சட்டையெல்லாம் இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்க, தப்பிக்க வழியில்லாமல் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து வருவான், கேட்காமலே உங்கள் காதில் தன் இயர்போனைச் செருகுவான், பாட்டு முடிகிறவரை உங்கள் முகத்தையே உற்றுப் பார்ப்பான், தலை லேசாக ஆடினால் "எனக்கு மேனேஜரா வர்றியா?" என்பான், ஆடாவிட்டால் "பொறாமை" என்பான். கழுத்தில் தங்கச் சங்கிலி. மழை வந்தால் கழற்றி விடுவான்.

இவனுக்கு ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. ஜெயிப்பதற்கு முன்னால் கஷ்டப்பட்டிருக்க வேண்டும். கஷ்டப்படாதவன் பாட்டை இங்கே நாய்கூடச் சீந்தாது. எங்கள் தெரு லாமான்ட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் அம்மா வெர்லீன் பள்ளிக்கூடச் சமையற்காரி. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மத்தியானம் பொங்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இவனுக்கு மறுபடி பொங்குகிறவள். அந்த வளர்ப்பில் வந்த பிள்ளை வாசலில் ஒருக்களித்துத்தான் நுழைவான். அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர் 'குட்டிப் பட்டினி'.

ஆகஸ்டில் தெருவை அடைத்து விருந்து போடுவோம். இந்த வருஷம் வானொலிக்காரர் கோர்டெல் வந்திருந்தார், நன்றாகப் பாடும் ஒருவரை நிலையத்துக்கு அழைத்துப் போக. லாமான்ட்டுக்கு முப்பது நெருங்குகிறது. இதையும் விட்டால், மாமாவின் லாரியில் பெட்டி தூக்க வேண்டியதுதான். மைக்கைப் பிடித்தான்.

"ஃப்ரிட்ஜத் தொறந்தா உள்ளே இருட்டு,
எங்கம்மா போட்டதோ காஞ்ச ரொட்டு..."

கோர்டெல் தலையாட்டினார். அந்தப் பக்கம், அடுப்பில் கோழி திருப்பிக்கொண்டிருந்த வெர்லீனின் கை அப்படியே நின்றது.

"லாமான்ட் எசேக்கியேல் பிக்கன்ஸ்."

தாய் முழுப் பெயரைச் சொன்னால் எங்கள் ஊரில் பிள்ளைகள் மட்டுமல்ல, பூனைகளும் ஒதுங்கும். கையிலிருந்த கரண்டியோடு மேடை ஏறினாள்.

"ஏண்டா, அந்த ஃப்ரிட்ஜ ரொப்புறதுக்கு நின்னு நின்னு எங்காலு வீங்கிக் கெடக்கு. ஊரக் கூட்டி வச்சு எம் மூஞ்சியில கரியப் பூசுறியா?"

"அம்மா, பாட்டும்மா அது. சும்மா..."

"சும்மாவா?"

அவள் குரல் உடைந்தது. ஆனால் ராப்பில் ஒரு சட்டம் உண்டு: பாட்டில் ஒருவரை வம்புக்கு இழுத்தால், அவர் பதில் பாடலாம், அவர் பாடி முடிக்கும்வரை யாரும் தாளத்தை நிறுத்தக் கூடாது. இதை எங்களுக்கெல்லாம் மூச்சு முட்டச் சொல்லிக் கொடுத்தவனே லாமான்ட்தான். ஃப்ரிட்ஜுக்கு ஒரு சொந்தக்காரி இருப்பதைத்தான் மறந்துவிட்டான். வெர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினாள்.

"காலையில முழுங்குனது அடுக்கடுக்கா பான்கேக்கு,
காணாமப் போச்சு எம் பொறந்தநாள் கேக்கு.
ஃப்ரிட்ஜு காலின்னு பாடுறியே மகனே,
காலி பண்ணது யாருடா? நீதானே."

தெரு அதிர்ந்தது. கோர்டெல் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை நிலையத்துக்கு வர்றீங்களா?"

வெர்லீன் மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவனும் வந்தாத்தான் வருவேன்."

"இவன் வந்து என்ன பண்ணுவான்?"

"நான் பாடப் பாட 'ஆமா'ன்னு சொல்லுவான்."

வெள்ளிக்கிழமை தெருவே வானொலி முன்னால் உட்கார்ந்திருந்தது. அம்மா ஒவ்வொரு வரியாகப் பாட, பின்னாலிருந்து கனத்த குரலில் 'ஆமா' வந்தது. அவன் இதுவரை பாடியதில் உண்மை அது ஒன்றுதான். நன்றாகவும் இருந்தது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த தடவை உங்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனதையும் தெருவிளக்கில் படித்ததையும் எடுத்துவிடுவதற்கு முன்னால், பக்கத்து அறையில் உங்கள் அம்மா விழித்திருக்கிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.