சக்கரத்தில் ஊர் பெயரா எழுதியிருக்கிறது?

அநியாயம் நடந்தது மனைவிக்கு. இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றதில் பாதியில் நின்ற படிப்பு. மிச்சம் ஒரே ஒரு பரீட்சை, அதுவும் இன்று மதியம். "பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன், நீ நிம்மதியா எழுது" என்று வாக்குக் கொடுத்த கணவன், விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "அவசர வேலை. தெற்கே ஒரு சின்ன ஊருக்கு விமானத்துல வரச் சொல்லிட்டாங்க" என்று கிளம்பிவிட்டான். இதைக் கேட்டு எந்த நீதிமன்றமாவது கொதித்ததா? இல்லை.

அவன் போனதோ உள்ளூர் விமான நிலையத்தின் பின்பக்க வேலிக்கு. மருந்து விற்பது அவன் பிழைப்பு. இறங்குகிற விமானத்தின் சக்கரத்தைப் பார்த்தே என்ன ரகம் என்று சொல்வது அவன் பிறவிப்பயன். சக்கரம் மாட்டிய ஒரு காலுக்கு ரெண்டு சக்கரம் என்றால் சின்னது, நாலு என்றால் பெரிது, ஆறு என்றால் ராஜா என்று கல்யாணமான நாளிலிருந்து மனைவிக்கு வகுப்பெடுத்து வருகிறான். அந்த ராஜா இன்றுதான் முதல்முறையாக இந்த ஊரில் இறங்குகிறது. பரீட்சை அடுத்த வருஷமும் வரும், இது வருமா? நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

விமானம் வந்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் குபுக்கென்று புகை. படம் எடுத்தான். கண் கலங்கியது. பிள்ளைகள் பிறந்தபோதுகூட இப்படிக் கலங்கியதில்லை.

போன் அதிர்ந்தது. மனைவியின் செய்தி: "போய்ச் சேந்துட்டீங்களா? பிள்ளைங்க கேக்குதுங்க. ஒரு படம் அனுப்புங்க."

அவன் என்ன லேசுப்பட்டவனா? படத்தில் வாலை வெட்டினான், எழுத்தை வெட்டினான், பின்னால் தெரிந்த தண்ணீர்த் தொட்டியையும் வெட்டினான். புகைக்குள் ஒற்றைக் கால் மட்டும் மிஞ்சியது. சக்கரத்தில் ஊர் பெயரா எழுதியிருக்கிறது? அனுப்பினான்.

"அழகா இருக்குங்க. ரெண்டு சக்கரம், குட்டி விமானம்தானே?"

ரெண்டா? 'இல்லை' என்று தட்டினான், அழித்தான். உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வான். "ஆமா" என்று அனுப்பியதும் நெஞ்சு எரிந்தது. விற்கிற மாத்திரையில் ஒன்றை எடுத்து விழுங்கினான்.

"எதிர்வீட்டு பல் டாக்டர் வந்திருக்காரு. அவரு நாலுங்கறாரு."

பல் டாக்டரும் சக்கரப் பைத்தியம்தான். ஒரு தெருவுக்கு ரெண்டு பைத்தியம் என்றால் பகைக்குக் கேட்கவா வேண்டும்?

"அந்த ஆளுக்கு என்ன தெரியும்?"

"நீங்க ரெண்டுன்னு ஒத்துக்கிட்டீங்கன்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கறாரு. தெரு முழுக்கச் சொல்லப் போறாராம்."

இதற்கு மேல் எப்படிப் பொறுப்பது? பெட்டி மேலேயே உட்கார்ந்து தட்டினான்:

"ஆறு. காலுக்கு ஆறு. பின் ஜோடி புகையில மறைஞ்சிருக்கு. பல்லை எண்ணிப் பிழைக்கறவருக்குச் சக்கரத்தை எண்ணத் தெரியலையான்னு கேளு."

அனுப்பியதும் உடம்பே லேசானது. நெஞ்செரிச்சல் போன இடம் தெரியவில்லை. மாத்திரை நல்ல மாத்திரைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது.

"டாக்டர் வரவே இல்லைங்க. நீங்க போனதாச் சொன்ன ஊர்ல ஆறு சக்கரத்தைத் தாங்கற ஓடுபாதை கிடையாதுன்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க. வழக்கமா நிக்கற வேலியை விட்டு நகராதீங்க. பிள்ளைங்களோட டாக்சில வந்துட்டிருக்கேன், இறக்கிவிட்டுட்டு அப்படியே பரீட்சைக்குப் போகணும். ரெண்டுக்கும் இன்னும் டயப்பர் மாத்தல."