இன்றிலிருந்து நாலு ஸ்பேஸ்

கம்பெனியின் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஃபெர்கஸ் டிண்டால் திருத்தியது இரண்டே வரி. அந்த இரண்டு வரியும் திங்கட்கிழமை மதியத்துக்குள் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டன.

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் பயணிகள் படகு விடுகிற சின்ன கம்பெனி அது. படகுகளின் நேரத்தையும் வழியையும் பார்த்துக்கொள்வது அந்த புரோகிராம்தான். வெள்ளிக்கிழமையோடு அவனுக்கு புரொபேஷன் முடிகிறது. இயக்குநர் பாரி வேலையை உறுதி செய்வாரா, வீட்டுக்கு அனுப்புவாரா என்பது அன்றுதான் தெரியும். இவனோ அதற்குள் லான்செஸ்டனிலிருந்து மனைவியையும் இரட்டைக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவ்வளவு நம்பிக்கை.

திருத்தத்தில் பிழை இல்லை. வரியின் தொடக்கத்தில் விடுகிற இடைவெளியில்தான் வில்லங்கம். அதை கீபோர்டில் டேப் கீயை ஒரு தடவை தட்டியும் விடலாம், ஸ்பேஸை நாலு தடவை தட்டியும் விடலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் இந்தத் தொழிலில் மதம் மாறியவர்கள் உண்டு, டேப்பிலிருந்து மாறியவர்கள் குறைவு.

"பழைய வரியெல்லாம் டேப்லதானே இருக்கு?" என்று, திருப்பி அனுப்பிய டெஸ்மாவிடம் கேட்டான். பதினோரு வருடமாக அந்த புரோகிராமை ஒற்றை ஆளாக எழுதி வளர்த்த பெண்மணி அவர்.

"நேத்து வரைக்கும்ப்பா. இன்னிலேருந்து நம்ம ஆபீஸ்ல நாலு ஸ்பேஸ்."

சரி என்று எடிட்டரின் செட்டிங்கைத் திறந்து, டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் என்பதில் டிக் அடித்தான். இருக்கட்டுமே என்று அடுத்த கட்டத்திலும் ஒரு டிக். அது ஃபைலைச் சேமிக்கும்போதே மொத்தத்தையும் நிமிர்த்தி வைக்கிற கட்டம். இரண்டு வரித் திருத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது வரித் திருத்தமாகிவிட்டது.

பதறிப்போய்ப் பழையபடி மாற்றப் போனவனை டெஸ்மாதான் தடுத்தார். ஒரு ஃபைல் மட்டும் நேராக இருந்தால் மற்றதெல்லாம் கோணலாகத் தெரியாதா, எல்லாவற்றையும் சேர்த்தே நிமிர்த்திவிடு என்றார். கூடவே சாப்பிட, சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். பதினோரு வருடத்தில் அவர் யாருக்கும் தண்ணீர் கூட எடுத்துக் கொடுத்ததில்லை. ஃபெர்கஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

புதன்கிழமை நாற்பத்தோராயிரம் வரிகளும் நிமிர்ந்து நின்றன. அதில் ஒரு பகுதிக்கு மட்டும் இடைவெளி மாறினால் அர்த்தமே மாறிவிடும். அதை அவன் கவனிக்கவில்லை. வியாழன் காலை பெல்லரீவ் படகுத்துறையில் அந்த புரோகிராம் ஓட்டுகிற நேரப் பலகையில் எல்லாப் படகும் புறப்பட்டுவிட்டதாக வந்தது. படகு கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தது. ஜனங்கள் படகையும் பார்த்தார்கள், பலகையையும் பார்த்தார்கள், பலகையை நம்பி பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

அதைச் சரிசெய்ய அவனுக்கு அரை நாள் ஆனது. வேலை போச்சு என்றே முடிவு கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை பாரியின் அறைக்குள் போனான்.

பாரி திரையைத் திருப்பிக் காட்டினார். புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டும் பக்கம் அது. மேலிருந்து கீழ் வரை ஃபெர்கஸ் டிண்டால், ஃபெர்கஸ் டிண்டால். தோண்டினால் பழைய பெயரும் கிடைக்கும். பாரி மீன் பிடிக்கத் தூண்டிலில் புழு கோர்க்கத்தான் மண்ணைத் தோண்டுவார்.

"மூணு மாசத்துல நாற்பத்தோராயிரம் வரி எழுதியிருக்க. டெஸ்மா பேர்ல ஒரு வரி கூட இல்லையேப்பா. இத்தனை வருஷம் என்னதான் பண்ணிட்டிருந்தாங்க?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். குழந்தைகள் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டான். பாரி கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரம், அதோடு தலைமைப் பொறியாளர் பதவி. சம்பளம் பிறகு பார்க்கலாமாம்.

வெளியே வரும்போது டெஸ்மாவின் முகத்தைப் பார்க்கவே ஃபெர்கஸுக்குக் கூசியது. பாவம், ஒரு மனுஷியின் பதினோரு வருட உழைப்பை நாலு நாளில் விழுங்கிவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது. டெஸ்மாவோ எழுந்து வந்து கைகுலுக்கினார். அந்த வெள்ளை மனசை நினைத்து இன்னும் நொந்துபோனான்.

வரவேற்பு மேசையில் இருந்த நோலாவிடம் மட்டும் நல்ல செய்தியைச் சொன்னான்.

"அப்ப திங்கக்கிழமை நீங்கதான் போகணும்," என்றாள் நோலா. "போன வருஷம் புரோகிராம் தப்பா வழி காட்டி நம்ம படகு பாறைல ஏறிச்சில்ல, அந்த விசாரணைக்கு. புரோகிராம்ல யார் பேர் இருக்கோ அவங்கதான் ஆஜராகணுமாம். போன வெள்ளிக்கிழமையே லெட்டர் வந்துச்சு, நான்தான் டெஸ்மா கையில கொடுத்தேன்."