பங்கருக்குள் ஃபைவ்-ஜி

அன்று இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மணப்பெண் மதுரா, என் அண்ணையின் ஒரே மகள், தாயில்லாப் பிள்ளை. மாப்பிள்ளை நிரோஷன், இங்கே சுவிஸில் பிறந்தவன். ஐயர். தவில் ஒருவர், நாதஸ்வரம் ஒருவர். வீடியோக்காரப் பெடியன். என் மனைவி பவானி. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் சுவிஸ்காரர். அவரை இங்கே அப்வார்ட் என்பார்கள். விருந்தாளிகள். கடைசியாக நான். மூக்கில் பெரிய கண்ணாடி, கையில் புதுப் போன்.

இல்லாதவர் ஒருவர்தான். அண்ணை. விசா கிடைக்கவில்லை. ஊரில், கரவெட்டி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டி, அதில் படம் விழுத்திப் பார்க்கக் காத்திருந்தார். மகளுக்குத் தாலி ஏறுவதை அவர் அந்த வேட்டியில்தான் பார்க்க வேண்டும். காட்டும் பொறுப்பு என்னுடையது. (யாரும் தரவில்லை. நானாகக் கேட்டு வாங்கினேன்.)

அந்தப் போன் அப்போதுதான் வெளிவந்திருந்தது. ஃபைவ்-ஜி. ஷ்லீரன் நகரில் கடை திறக்க முன்னமே வாசலில் போய் நின்றேன். ஒரு முழுப் படம் கண் மூடித் திறக்க முன் இறங்கும் என்றான் விற்ற பெடியன். நான் படம் பார்ப்பதில்லை. ஆனாலும் வாங்கினேன். எனக்கு ஆஸ்பத்திரியில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை. அங்கே மெசின்தான் சத்தம் போடும், நான் பேசமாட்டேன். போன் வாங்கிய மாதம் மட்டும் பேசினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடமும் அதன் வேகத்தைச் சொன்னேன். அவர் அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டார்.

"வீடியோக்காரப் பெடியனிட்டையே இந்த வேலையையும் குடுப்பமே?" என்றாள் பவானி.

"தேவையில்லை. இது ஃபைவ்-ஜி."

"போன் ஃபைவ்-ஜிதான். பிடிக்கிற ஆள்?"

நான் போனைத் துடைத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

மண்டபமும் நான் பிடித்ததுதான். பள்ளிக்கூடம் ஒன்றின் கீழே பெரிய நிலவறை. போர் வந்தால் சனம் ஒளிவதற்கென்று இந்த நாட்டில் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு முழத்துக்கு மேல் தடித்த சுவர். இரும்புக் கதவு. போர் வரவில்லை, அதனால் கலியாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நான் போருக்குத் தப்பி வந்தவன். பங்கர் எனக்குப் புதிதில்லை. ஆனால் எங்கள் பங்கருக்கு மேலே பனங்குற்றியும் மண்மூட்டையும்தான். உள்ளே ரேடியோ நன்றாக இழுக்கும். அந்த நினைப்பில் இருந்துவிட்டேன்.

அண்ணையின் இடத்தில் நானும் பவானியும் நின்று தாரை வார்த்துக் கொடுத்தோம். அடுத்தது தாலி. போனை எடுத்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

தலைக்கு மேலே தூக்கினேன். இல்லை. கதிரையில் ஏறினேன். இல்லை. அப்வார்ட் வந்து சுவரைத் தட்டிக் காட்டினார். குண்டே உள்ளே வராது என்றார், பெருமையாக. பிறகு என் போனைப் பார்த்து, அதுவும் வராது என்றார்.

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். "தம்பி, முகூர்த்தம் முடியப்போகுது. கட்டுவம். அண்ணை பிறகு வீடியோவில பாக்கட்டும்."

மதுரா தலை நிமிர்ந்தாள். "அப்பா பாக்காமல் நான் கழுத்து நீட்ட மாட்டன் ஐயா."

"பிள்ளை, நேரம்..."

"சித்தப்பாதானே காட்டுறன் எண்டவர். காட்டட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்தேன். நிரோஷன் எழும்பிவிட்டான். "அதுக்கென்ன? எல்லாரும் மேல போவம்." (இங்கே பிறந்ததுகளுக்கு எதற்கும் கூச்சமில்லை.)

ஐயர் அக்கினியைத் தட்டில் ஏந்தி முன்னே ஏறினார். பின்னால் மணமக்கள். பவானி குத்துவிளக்கோடு. மேளக்காரர் வாசிப்பை நிறுத்தாமலே படியேறினார்கள். கார் விடும் இடத்தில் இரண்டு கதிரை போட்டோம். நல்ல வெயில், ஆனால் காற்று. அப்வார்ட் ஓடிப்போய்ப் பனி தள்ளும் அகலத் தகட்டுச் சவளைக் கொண்டுவந்து அக்கினிக்கு மறைப்பாகப் பிடித்தார். எதிர்வீட்டுப் பால்கனிகள் நிறைந்தன.

கோடுகள் வந்தன. அத்தனையும். நான் அழைத்தேன்.

"தெரியுதோ அண்ணை?"

"ஓமோம், நல்ல வடிவாத் தெரியுது!" (என்ன தெரியுது என்று நான் கேட்கவில்லை.)

கையை முன்னே நீட்டிப் போனைப் பிடித்தேன். வெயிலில் அதன் முகம் எனக்குக் கறுப்பாகத் தெரிந்தது. பரவாயில்லை, அது வேகமான போன். கெட்டிமேளம் கொட்டியது. நிரோஷன் தாலியை எடுத்தான். அப்போது எனக்கு என்ன ஆனதோ தெரியாது. அழுதேன். போரில் செல்லடிக்குள்ளும் அழாதவன், கண்ணாலும் மூக்காலும் அழுதேன். எல்லோரும் பெண்ணைத்தான் பார்க்கிறார்கள், நம்மை யார் பார்க்கப்போகிறார்கள் என்று தாராளமாகவே அழுதேன்.

போனுக்குள் சனம் கத்தியது. மேளத்தில் ஒன்றும் விளங்கவில்லை. "திருப்பு" என்பது மட்டும் கேட்டது. நின்ற போனைப் படுக்கையாகத் திருப்பினேன்.

மேளம் ஓய்ந்தது.

"தம்பி, ஏனடா இப்பிடிக் குழறி அழுறாய்?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ மட்டும்தானேடா தெரியுறாய்!"

பவானி போனைப் பறித்துப் பார்த்தாள். "ஐயோ, இந்த மனிசன் தன்னையெல்லோ எடுத்திருக்கு!"

விற்றவன் வேகத்தைத்தான் சொன்னான். கமரா இரண்டு பக்கமும் இருப்பதைச் சொல்லவில்லை. மதுராவின் முகம் வாடியது. தாலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் போனை வாங்கினாள்.

"அப்பா... அப்ப நீங்கள் பாக்கேல்லையோ?"

"பாத்தனான் பிள்ளை."

"எப்பிடி?"

"சித்தப்பான்ர கண்ணாடிக்குள்ள. அவ்வளவு துப்புரவான படம். வலப் பக்கம் ஒரு கலியாணம், இடப் பக்கம் ஒரு கலியாணம். மூண்டு முடிச்சும் பாத்தன். இவன் அழுது கண்ணாடியை நனைச்சுப்போடுவானோ எண்டதுதான் பயம். அழாதை, அழாதை எண்டு இஞ்ச எல்லாரும் கத்தினது. ஒரு மகளைப் பெத்து ரெண்டு கலியாணம் பாத்தவன் நான்தான்."

மதுரா சிரித்தாள். கண்ணீரும் வந்தது. நிரோஷன் விளக்கிச் சொல்ல, அப்வார்ட் சவளைப் பிடித்தபடியே குலுங்கினார். அக்கினி அணையவில்லை.

அந்தப் போன் இப்போது கிழடு. நான் எந்த வீட்டில் போனை எடுத்தாலும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சித்தப்பா, கண்ணாடியைத் துடைச்சனீங்களோ?" பிறகு அண்ணைக்கு விசா கிடைத்தது. விமான நிலையத்தில் என்னை உடனே கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் என் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே பார்த்துவிட்டுத்தான் கட்டிப்பிடித்தார்.

காரில் வரும்போது கேட்டேன், அன்று பந்தலில் எத்தனை பேர் என் அழுகையைப் பார்த்தார்கள் என்று. பத்துப் பதினைந்து என்பார் என்று நம்பினேன். ஆனால் அன்று இலை எண்ணிச் சோறு போட்டவர் அவர்.

நூற்றுப் பதினாறு.