பத்தொன்பதாம் அத்தியாயத்தில் காலமானவர்

இலக்கியத்துக்காக உயிரைக் கொடுத்தவர்கள் பலர் இருக்கலாம். உயிரைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல் கடையையும் திறந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நம் சலவைக்கடைக்காரம்மா.

நான்கு சகோதரிகள் ஒரே வீட்டில் வளர்ந்து ஆளாகும் அந்த மகத்தான நாவலைப் படிக்காதவர் யார்? படிக்காதவர்களும் படித்ததாகச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மகத்தானது. எழுதியவர் நால்வரில் இரண்டாமவர். நாவலில் மூத்தவள் அழகி, இரண்டாமவள் அறிவாளி, கடைக்குட்டி குறும்புக்காரி. மூன்றாமவள் போர்வைக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து மெல்ல இருமுவாள். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் காய்ச்சல் முற்றி, "அக்கா, நீ எழுது" என்று புன்னகைத்துக் கண்ணை மூடுவாள். அந்தப் பக்கத்தில் அழாதவரை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது விமர்சகர்களின் ஏகோபித்த தீர்ப்பு.

நிஜ மூன்றாமவளான நம் சலவைக்கடைக்காரம்மா இருமி யாரும் கேட்டதில்லை. "யாரு சட்டை இது, பட்டனைக் காணோம்?" என்று கடைக்குள்ளிருந்து அவள் கேட்டால், தெருக்கோடியில் போகிறவர் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். காய்ச்சலில் விழுந்ததும் அவளல்ல, எழுத்தாளர்தான். பக்கத்தில் இருந்து ஈரத்துணி மாற்றியவள் இவள். ஆனால் 'உண்மை வேறு, இலக்கிய உண்மை வேறு' என்று எழுத்தாளரே பல மேடைகளில் அருளியிருக்கிறார்.

நாவலுக்குப் பொன்விழா வந்தது. விழாக் குழுவின் தலைவரும் செயலாளரும் ஒருநாள் கடைக்கு வந்தார்கள். இஸ்திரி மேசைக்கு எதிரே தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா, முன் வரிசையில நாலு நாற்காலி போடறோம்," என்றார் தலைவர்.

"ரொம்ப சந்தோஷம். நாங்க நாலு பேரும் சேர்ந்து உக்காந்து எத்தனையோ காலமாச்சு."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார்.

"மூணுல உங்க சகோதரிகள் உக்காருவாங்க. நாலாவது காலி நாற்காலி. மறைந்த சகோதரியோட நினைவா, வெள்ளைப் பூ வச்சு."

"யாரு மறைஞ்சது?"

"நீங்கதாம்மா."

அவள் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். "அப்ப அது என் நாற்காலிதானே? நானே உக்காந்துக்கறேன். பூவை மடியில வச்சுக்கறேன்."

"நீங்க உக்காந்தா அது எப்படிம்மா காலி நாற்காலியாகும்?" என்றார் செயலாளர். தீர்மானங்கள் எழுதிப் பழகிய மூளை. "உங்களுக்குக் குழு வேற ஏற்பாடு பண்ணியிருக்கு. 'தூரத்து உறவினர்'னு அடையாள அட்டை. பின்னால நின்னு பார்க்கலாம்."

"நிக்கணுமா?"

"இடம் கொஞ்சம் நெருக்கடி. உங்களுக்காக ஒரு நிமிஷ மௌனம் வேற வச்சிருக்கோம். வாசகர்கள் நெகிழ்ந்து போயிடுவாங்க. அந்த நேரம் பார்த்து தயவு செஞ்சு தும்மிடாதீங்க."

அவர்கள் போனதும் மூத்தவளுக்குப் போன் போட்டாள். "என்னை அழகின்னு எழுதியிருக்காளே, அதைக் கெடுக்காதேடீ," என்றாள் மூத்தவள். கடைக்குட்டி போனையே எடுக்கவில்லை. மூன்றாவதாக எழுத்தாளருக்கு.

"அக்கா, முன் வரிசைல எனக்கு இடமில்லையாமே?"

"குழு முடிவுடீ. நான் என்ன செய்ய?"

"மைக் உன் கையிலதானே இருக்கு? 'இதோ என் தங்கச்சி, குத்துக்கல்லாட்டம் இருக்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லேன். அது போதும் எனக்கு."

"வாசகர்கள் தாங்க மாட்டாங்க. இத்தனை வருஷமா உனக்காக அழுதிருக்காங்க. அந்தக் கண்ணீருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"அது சரி. என்னை எதுக்குச் சாகடிச்சே? அதையாவது சொல்லு."

எழுத்தாளர் சிந்தித்தார். பெரிய எழுத்தாளர்கள் போனிலும் சிந்திப்பார்கள்.

"நீ பள்ளிக்கூடத்தை விட்டுட்டு இஸ்திரி போட்டே, அந்தக் காசுல நான் படிச்சேன், எழுதினேன்னு வச்சிருந்தா, என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? நீ செத்துட்டேன்னா என் மேல இரக்கப்படுவாங்க. கலைன்னா தியாகம் இல்லாம முடியுமாடீ?"

"தியாகம் நீ செஞ்சியா, நான் செஞ்சேனா?"

"நாம செஞ்சோம்," என்றார் எழுத்தாளர். அந்தப் பெருந்தன்மைக்கே தனியாக ஒரு பொன்விழா எடுக்கலாம். "அப்புறம், விழாவுக்குக் கட்டற புடவையைக் கடைக்கு அனுப்பியிருக்கேன். மடிப்பு கலையாமப் பார்த்துக்கோ."

மடிப்பு கலையாமல்தான் அனுப்பிவைத்தாள்.

விழா மண்டபம் நிரம்பி வழிந்தது. பேச்சாளர்கள் நாவலைப் புகழ்ந்தார்கள். ஒருவர் அதைப் படித்துவிட்டும் வந்திருந்தார். 'தூரத்து உறவினர்' அட்டையோடு கடைசிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள் சலவைக்கடைக்காரம்மா. எழுத்தாளர் மைக்கைப் பிடித்துப் பத்தொன்பதாம் அத்தியாயத்தை வாசித்தார். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. "அந்தப் பிஞ்சு உயிர் மட்டும் இன்று இருந்திருந்தால்..." என்று தழுதழுத்து நிறுத்தினார். நிறுத்திய இடத்தில் அவர் கண் கடைசிச் சுவருக்குப் போனது. தங்கை அங்கிருந்து தலையை ஆட்டி, 'சொல்லு' என்று சைகை காட்டினாள்.

எழுத்தாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "...எவ்வளவு மகிழ்ந்திருப்பாள்!" என்று முடித்துவிட்டார்.

"இப்போது மறைந்த சகோதரிக்காக ஒரு நிமிட மௌனம்," என்றார் தலைவர். நாற்காலிகள் தடதடத்தன. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அத்தனை பேரும் எழுந்ததும், நின்றுகொண்டிருந்தவள் நடந்தாள். நடுவழியாக நேரே முன் வரிசைக்கு. வெள்ளைப் பூவை எடுத்துப் பக்கத்தில் நின்ற கடைக்குட்டியின் கையில் கொடுத்தாள். காலி நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.

செயலாளர் குனிந்து ஓடிவந்தார். கண்ணில் நாவல் தந்த நீர் இன்னும் காயவில்லை.

"என்னம்மா இது அநியாயம்? செத்தவங்களுக்காக ஒரே ஒரு நிமிஷம் எழுந்து நிக்கக் கூடாதா?"

அவளுக்கு மெல்லப் பேசிப் பழக்கமில்லை. கடைசிச் சுவர்வரை கேட்டது.

"அவ உக்காந்து எழுதின அத்தனை வருஷமும் நான் நின்னுட்டுத்தான் இருந்தேன், தம்பி. ஒரு நிமிஷம் அவ நிக்கட்டும்."