செப்புத் தகடும் மாப்பிள்ளையின் சீனியும்

சும்மா இருக்கத் தெரியாத பிள்ளையை, பொம்பிளை பார்க்க ஆட்கள் வரும் நாளில் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. என்னை வைத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம், யுத்த காலம். கரவெட்டியில் கரண்ட் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றரி வராது, ஆஸ்பத்திரியில் நீரிழிவுக்காரருக்குச் சீனி பார்க்கிற மருந்தும் முடிந்துவிட்டது. இரசாயனம் படித்துவிட்டு வீட்டில் குட்டி போட்ட பூனையாகத் திரிந்த நான், வெயிலில் வேலை செய்யும் ஒரு கருவி செய்தேன். நெருப்பில் சுட்ட செப்புத் தகடு, காரத் தண்ணீர், மின்னோட்டத்தை முள்ளால் காட்டும் பழைய கல்வனோமானி ஒன்று. தகட்டில் வெயில் பட்டால் முள் அசையும். தண்ணீரில் சீனி இருந்தால் இன்னும் எழும்பும். (அப்படித்தான் நம்பினேன்.)

சாவகச்சேரியிலிருந்து வந்த மாப்பிள்ளையை எனக்குப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது. அந்தப் பதற்றத்தில் குசினிக்குள் நின்று பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பால் விடாத பிளேன்ரீ குடித்தேன். வெளியே மாப்பிள்ளையின் தகப்பன் மட்டும் பனங்கட்டியைத் தொடவில்லை.

“எனக்குச் சீனி வருத்தம். இப்ப எவ்வளவு எண்டு பார்க்கவும் வழியில்லை,” என்றார்.

“நான் பார்க்கிறன், மாமா,” என்று வெளியே பாய்ந்தேன். அம்மா முழுசினார்.

மாமா மறைவாகப் போய்க் குப்பியில் சலம் பிடித்துக்கொண்டு வந்தார். காரத் தண்ணீரை முற்றத்து வெயிலில் வைத்து, அதில் சலம் கொஞ்சம் விட்டுத் தகட்டை விரலால் பிடித்து அமிழ்த்தினேன். முள் எழும்பியது. சீனி பார்க்க ஒரு வழி கிடைத்ததில் மாமாவுக்குப் பெரிய சந்தோஷம். அதோடு விட்டிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க வருத்தமில்லாத ஒருவர் வேண்டுமென்று மாப்பிள்ளையையும் கேட்டேன். அவரும் காது சிவக்கக் கிணற்றடிக்குப் பின்னால் போய்க் குப்பியோடு வந்தார். முள் தகப்பனைவிட மேலே போனது.

“தம்பிக்கும் சீனியோ?” என்றார் என் அப்பா.

மாப்பிள்ளையின் தாய் எழும்பிவிட்டார். “எங்கடை பொடியனுக்கு ஒரு வருத்தமுமில்லை. வெளிக்கிடுங்கோ.”

கலியாணம் வாசல் படலையைத் தாண்டப் போகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கருவியில்தான் பிழையோ என்று பார்க்க, புதுக் காரத் தண்ணீரில் வெறும் கிணற்றுத் தண்ணீரை விட்டுத் தகட்டை அமிழ்த்தினேன். முள் துள்ளியது.

“கிணத்துக்கும் சீனி வருத்தமோ?” என்றார் மாப்பிள்ளை. “உம்மடை விரலை ஒருக்காக் காட்டும்.”

விரலெல்லாம் பனங்கட்டிப் பிசின்.

“கையைக் கழுவிப்போட்டுத் திருப்பிப் பாரும், பிள்ளை,” என்றார் தாய். கழுவினேன், தகட்டையும்தான். மாப்பிள்ளையின் முறைக்கு முள் வெயிலுக்கு மட்டும் அசைந்தது. அவர் தாய் திரும்ப இருந்தார்.

கலியாணம் நடந்தது. இன்றைக்கும் நான் தேத்தண்ணி கொண்டுபோனால் வீட்டில் எல்லாரும் முதலில் என் விரலைத்தான் பார்ப்பார்கள். போன மாதம் டொக்டர் இவருக்குச் சீனி வருத்தம் என்று சொன்னார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீர் அண்டைக்கே சொன்னனீர். நாங்கள்தான் கையைக் கழுவச் சொல்லிப்போட்டம்.”