மூச்சு ஓட்டிய ஜீப்

ஆடி மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு இருபது. நூல் நூலாகச் சாரல். சாந்தன்பாறையில் பிறந்த ஒருவருக்கும் மூச்சு விடத் தெரியாது என்று ஜீப்காரர் ‘மூச்சு’ அன்றும் அறிவித்தார். அவருக்கு வேறு பெயர் உண்டு. ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் அது தெரியும்.

ரிசார்ட்டில் டூரிஸ்டுகளுக்கு நடந்த யோகா வகுப்பைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கற்றவர். பாதியில் சவாரி வந்துவிட்டது. ஆகவே இழுப்பது வரைதான் முறையான படிப்பு. விடுவது சொந்தக் கண்டுபிடிப்பு. ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் அவர் ஜீப்பில் வளைவுக்கு முன் மூச்சை இழுத்து, வளைவு முடிந்த பிறகே விட வேண்டும்.

“வளைவுல லாரி வந்து மறிச்சா நாங்க செத்தாய்யா போறது?” என்பாள் ராசாத்தி.

“மனசு லேசானா லாரியும் ஒதுங்கும்த்தா.”

எனக்கு வேறு வழியில்லை. கண்புரை ஆபரேஷனுக்குப் போன இரண்டு தடவையும் பிரஷர் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவையும் தவறினால் பேப்பர் படிப்பதை மறந்துவிட வேண்டியதுதான். மூச்சு எனக்குத் தனிப் பயிற்சி கொடுத்தார். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதிய பழக்கத்தில் நான் ஒவ்வொரு மூச்சையும் எண்ணினேன். எண்ணிக்கை தவறினால் படபடத்தது.

“எண்ணாதீங்கய்யா! மூச்சு என்ன ஏலக்கா மூட்டையா?”

அன்று பெண்களை வழியில் இறக்கிவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. பூப்பாறை தாண்டியதும் ஜீப் நின்றது. இன்ஜின் அடங்கியது, பெண்களின் பேச்சும் அடங்கியது. முதல் தடவையாக எல்லோரும் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். முன்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது.

“பாறை உருண்டு கெடக்கு போல. ஒதுக்கிப் போயேம்ப்பா. பன்னெண்டு நிமிஷம் லேட்டு.”

“ஆமாய்யா... பாறதான்.” மூச்சுவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ராசாத்தி அவர் முதுகில் ஓங்கி அறைந்தாள். “மூச்ச விடுய்யா, மூச்சு! பாற போயி எம்புட்டு நேரமாச்சு!”

யாரோ தள்ளிவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் என் பிரஷர் நூற்று முப்பது, எண்பது. நர்ஸ் நம்பாமல் மறுபடி பார்த்தார், அதேதான்.

“எல்லாம் பயிற்சிம்மா!” என்றார் மூச்சு. அவர் முகத்தைப் பார்த்த நர்ஸ் பட்டையை அவர் கையிலும் சுற்றினார். அடுத்த நிமிடம், எனக்கு விரித்த கட்டிலில் அவரைப் படுக்க வைத்துவிட்டார்.

ஆபரேஷன் நடந்தது. மறுநாள் என் கண் கட்டைப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது, உப்பிய இரண்டு கன்னங்கள்.

“என்ன தெரியுது?” என்றார் நர்ஸ்.

“மூச்சு தெரியுறாரு. விடச் சொல்லுங்க.”

விட்டார். “அப்ப சொல்லிர்றேன்யா. நேத்து நின்னது பாற இல்ல. ஒத்தக் கொம்பு ஆன.”

“அடப்பாவி! அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா எண்ண ஆரம்பிச்சிருவீக. மறுபடி திருப்பி அனுப்பிருவாக.”

இரண்டு நாள் ஜீப் வாடகை இரண்டாயிரத்து எண்ணூறு என்றார். ஐந்நூறு ரூபாய் நோட்டுகளாகக் கொடுத்தேன், மீதியைக் கேட்கவில்லை. ஆக, மூவாயிரம்.